மாப்பிள்ளைக்கு விழுந்த முதல் கீறல்

மார்ச் 2

அன்புள்ள அப்பா,

பார்சலைப் பிரித்ததும் அம்மா ஒரு சத்தம் போட்டிருப்பாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பவை மூன்று மடக்குக் கத்திகள், எங்கள் பட்டறையில் செய்தவை. மூன்றிலும் பிளேடு ஒன்றுதான். பிடியும் ஒரே டைட்டானியம்தான். பிடியின் ஃபினிஷிங் மட்டும் வேறு வேறு. ஒன்று கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டது. இன்னொன்று, பொடிப் பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சியடித்து மங்கலாக்கியது. மூன்றாவது, சின்னக் கற்களோடு டிரம்மில் போட்டு உருட்டி எடுத்தது. மூன்றையும் நானே செய்தேன்.

இங்கே ஒரு புது மாடல் வரப்போகிறது. விலை உயர்ந்ததுதான், ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கத்தி இல்லை, தினமும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிற கத்தி. அதற்கு எந்த ஃபினிஷிங் என்று மே மாதக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார் முதலாளியம்மா. என் புரொபேஷனும் அதே சமயம்தான் முடிகிறது. ஆகவே அன்று கத்தியை மட்டும் அல்ல, என்னையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

தேய்த்துப் பார்க்கிற இயந்திரம் இங்கே இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மனுசப் பாக்கெட் வேண்டும். ஃபர்னிச்சர் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி பிரிக்கிற ஒருவருடைய பாக்கெட். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

விதி ஒன்றுதான். மூன்றையும் மாற்றி மாற்றிப் பாக்கெட்டில் போடுங்கள், சாவி, சில்லறை எல்லாவற்றோடும். எதன்மேலும் இரக்கம் வேண்டாம். என்ன ஆகிறது என்று எழுதி அனுப்புங்கள். போனில் வேண்டாம். போனில் நீங்கள் "சாப்டியா" என்பீர்கள், நான் "சாப்ட்டேன்" என்பேன், "இந்தா அம்மா பேசறா" என்று கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள்
வாண்டு

ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த கையுறை பத்திரமாக இருக்கிறது.


மார்ச் 11

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நான் கடைசியாக ஒரு முழுக் கடிதம் எழுதியது ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில், "விடுமுறை வேண்டித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம்". அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் எனக்கு நிரந்தரமாகவே விடுமுறை கொடுத்துவிட்டது. என் கடிதத்துக்கு அவ்வளவு சக்தி. ஆகவே பார்த்துப் படி.

உன் அம்மா சத்தம் போடவில்லை. சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் துரத்திக்கொண்டு ஓடினேன். "பொண்ணு கத்தி அனுப்பியிருக்கா, வெங்காயம் நறுக்கிப் பாக்கறேன், அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்றாள். விலை என்ன இருக்கும் என்று நான் காதோடு சொன்னேன். கத்தியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

மூன்றுக்கும் பேர் வைத்துவிட்டேன், எண் எல்லாம் எனக்கு மறந்துவிடும். பளபளவென்று இருப்பவர் மாப்பிள்ளை. கல்யாண வீட்டு வாசலில் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்கிற மாதிரி இருக்கிறார். மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருப்பவர் வாத்தியார். முகத்தில் சிரிப்பே கிடையாது. மூன்றாவது, கழுதை.

கழுதையைப் பற்றி உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு மனமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன். அது அடிபட்ட கத்தி, கண்ணு. பிடி முழுக்கக் கோடும் கீறலுமாக இருக்கிறது. புதுசாகச் சேர்ந்த பெண் என்று உன் தலையில் யாரோ பழசைக் கட்டிவிட்டார்கள். நீ போய்ச் சண்டை கிண்டை போடாதே. நான் யாரிடமும் சொல்லவில்லை. கிடங்கில் நெட்டை கேட்டான், அவன்தான் என் கூட்டாளி, நான் அடிப்பக்கம் பிடித்தால் அவன் மேல்பக்கம் பிடிப்பான்: "ஏண்ணே, மூணுல ஒண்ணு செகண்ட் ஹேண்டா?" "அது அப்படித்தான்டா" என்று மழுப்பிவிட்டேன்.

இன்னொன்று. வேலை சரிவரவில்லை என்றால் அதற்காக மனசை உடைத்துக்கொள்ளாதே. உன் அறை அப்படியே இருக்கிறது. நீ போன பிறகு உன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டேன். கவர்கூடப் பிரிக்கவில்லை.

இப்படிக்கு
அப்பா (ஒன்பதாம் வகுப்பு, பாதி)


மார்ச் 20

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மாப்பிள்ளை வந்தபோது தண்ணீர் புரையேறியது. கழுதை வந்தபோது கோபம் வந்தது.

கழுதை அடிபட்ட கத்தி அல்ல. யாரும் என் தலையில் கட்டவில்லை. அந்தக் கோடுகள் எல்லாம் நான் போட்டவை! டிரம்முக்குள் கற்கள் எல்லாப் பக்கமிருந்தும் உரசி உரசி, பிடி முழுக்க ஒரே சீராகக் கோடு விழ வேண்டும். அதிகம் உருட்டினால் விளிம்பு மழுங்கிவிடும், குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். டிரம் பக்கத்திலேயே நின்று சத்தத்தை வைத்து நிறுத்துவேன். மூன்றில் நான் அதிகம் பாடுபட்டது அதற்குத்தான், அதைப் போய்ச் செகண்ட் ஹேண்ட் என்கிறாராம் நெட்டை மாமா. அவரிடம் சொல்லிவையுங்கள், ஊருக்கு வரும்போது இருக்கிறது.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டறையிலும் பாதிப் பேர் கண்ணாடிப் பாலிஷ் பக்கம்தான். சக்கரத்தில் பாலிஷ் பிடிக்கிறவர் ஒரு அண்ணன், எங்களில் மூத்தவர். தான் போட்ட பிடியைப் பார்த்துத்தான் மீசையைச் சரிசெய்வார். "இந்த வெலை குடுத்து வாங்கறவன் மின்னணும்னுதான் பாப்பான், தங்கச்சி" என்கிறார். முதலாளியம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். எனக்கு உருட்டினதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்துக் கூட்டத்தில் பேச முடியாது. அதற்குத்தான் உங்கள் பாக்கெட்.

கையுறை போட்டுக்கொள்கிறேனா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதாக அம்மா சொன்னாள். பாலிஷ் சக்கரத்தில் கையுறை போடவே கூடாது என்பதுதான் இங்கே முதல் விதி. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே உங்கள் கையுறை அலமாரியில், பிரிக்காத கவரோடு, பத்திரமாக இருக்கிறது.

ஹால் சோபாவின் பிளாஸ்டிக் கவர் இன்னும் இருக்கிறதா? அதில் யார் உட்கார்ந்தாலும் அடுத்த தெரு வரைக்கும் கேட்குமே!

உங்கள்
வாண்டு


ஏப்ரல் 19

அன்புள்ள வாண்டுக்கு,

அறிக்கை கேட்டிருந்தாய். நாளிதழில் வருகிற மாதிரி எழுத முயற்சி செய்கிறேன்.

கழுதை. இவர்தான் வேலைக்காரர். பெட்டிக் கட்டுப் பட்டைகளை எத்தனை அறுத்தார் என்று கணக்கே இல்லை. டேப் கிழித்தார். பீரோவின் அடியில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார். சுத்தியல் கைக்கு எட்டாதபோது பிடியாலேயே ஆணியைத் தட்டினேன் (இதை உன் முதலாளியம்மாவிடம் சொல்லாதே). நெட்டை அதை வைத்து டீ கலக்கினான். மாடிப்படியில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியாக விசாரித்துக்கொண்டே விழுந்தது. சாவியோடும் போல்ட்டோடும் ஒரே பாக்கெட்டில் குடித்தனம். இவ்வளவுக்குப் பிறகும் நீ அனுப்பினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. புதுக் கீறல் விழுந்திருக்கும், ஆனால் எது நீ போட்டது, எது நான் போட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வாத்தியார். கொஞ்ச நாள் இருந்தார். கைபட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி தெரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன். விளிம்பெல்லாம் தேய்ந்து மினுமினுக்க ஆரம்பித்துவிட்டது, வாத்தியாருக்கு வழுக்கை விழுந்த மாதிரி.

மாப்பிள்ளை. அவரும் என் பாக்கெட்டில்தான் இருந்தார். ஒரு கீறல் இல்லை. எடுத்துப் பார்த்தால் என் மூஞ்சி தெரிகிறது, அது ஒன்றுதான் குறை.

சோபா கவர் இருக்கிறது. உன் அம்மா பிரிக்கலாம் என்கிறாள். யாராவது வந்தால் அழுக்காகிவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். "யாரு வரா இங்க?" என்கிறாள். கிடங்கிலிருந்து சாமான் இறக்கப் போகிற வீட்டில் எல்லாம் இதே கதைதான், தெரியுமா? சோபாவை ஹாலில் வைத்துவிட்டுக் கவரை அறுக்கக் கத்தியை எடுத்தால், "ஐயோ, கவர் இருக்கட்டும்ணா!" என்று வீடே ஓடிவருகிறது. நான் ஒருத்தன் மட்டும் இல்லை.

அப்பா


ஏப்ரல் 26

அன்புள்ள அப்பா,

உங்கள் அறிக்கையை நான்கு தடவை படித்துவிட்டேன். கழுதை தாங்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் என்னைத் திகைக்க வைத்துவிட்டது. எங்கள் இயந்திரத்தில் அதே பாலிஷ் சீக்கிரமே கோடு விழுந்து அசிங்கமாகிவிட்டது. உங்கள் பாக்கெட்டிலோ, சாவியோடும் போல்ட்டோடும் இருந்தும், ஒரு கீறல் இல்லை. இயந்திரம் பாக்கெட் ஆகாது என்று சொன்னவளே நான்தான். இப்போது பாக்கெட் சொல்வதை எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒதுக்கினால் அது நியாயம் இல்லை.

அதனால் நான் கட்சி மாறிவிட்டேன். நிஜப் பாக்கெட்டில் கண்ணாடிப் பாலிஷ் தாங்குகிறது, அதுவே இருக்கட்டும் என்று கூட்டத்தில் சொல்லப்போகிறேன். முதலாளியம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன். தலையை ஆட்டினார், அவர் ஆட்டினால் பெரிய விஷயம். பாலிஷ் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உங்கப்பா கைய கண்ணுல ஒத்திக்கணும்" என்றார்.

மூன்று கத்தியையும் உடனே திருப்பி அனுப்புங்கள். கூட்டம் பதினான்காம் தேதி. மேசைமேல் வைத்துக் காட்ட வேண்டும்.

உங்கள்
வாண்டு


மே 2

வாண்டுக்கு,

கத்திகளை அனுப்பியிருக்கிறேன். பபுள் ஷீட் சுற்றி, தெர்மக்கோலுக்குள் வைத்து, மேலே அட்டை. பிரிப்பவர்களின் கஷ்டம் தெரிந்தவன் கட்டினது, பதமாகப் பிரி.

ஒரு விஷயம். மாப்பிள்ளைமேல் கீறல் இல்லை என்றுதான் நான் எழுதினேன். கீறலே விழாது என்று எழுதவில்லை. இதை நெட்டையிடம் சொன்னேன், "ரெண்டும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டான். அவன் அப்படித்தான், வேலை இல்லாதபோது ஏதாவது கேட்பான்.

அந்த அண்ணன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எல்லாம் வேண்டாம் என்று சொல்.

உன் அம்மா இன்னும் ஏதோ எழுதச் சொன்னாள். மறந்துவிட்டது.

அப்பா


மே 6

அப்பாவுக்கு,

கத்திகள் வந்து சேர்ந்தன.

மாப்பிள்ளையை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, நீங்கள் எழுதியது சரிதான். பாக்கெட்டில் மாட்டுகிற கிளிப்பின் உள்பக்கத்தில்கூட ஒரு தடம் இல்லை. ஆனால் திருகாணியின் பள்ளத்தில் நூல் பிசிறு இருந்தது. நீலக் கம்பளி நூல். ஊசியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். எனக்கு அந்த நீலம் தெரியும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நாளுக்கு நான் போட்டுக்கொண்ட சாக்ஸ் அது.

என் கத்தியை என் சாக்ஸுக்குள் போட்டுத்தான் பாக்கெட்டில் வைத்திருந்தீர்கள், அப்படித்தானே?

நான் முதலாளியம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது போய், "அது என் அப்பா சாக்ஸில் போட்டு வைத்திருந்த கத்தி" என்று சொல்ல வேண்டும். அல்லது வாயை மூடிக்கொண்டு, ஒரு பொய்யை வைத்து ஒரு மாடலையே முடிவு செய்யவிட வேண்டும்.

கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். நான் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் நீங்கள் பேசவில்லை. மிஷின், சக்கரம், கை என்று அதற்கு முன்னால் ஒரு மாதம் பேசியிருந்தீர்கள். இப்போது ஒரு மெத்தை கவரோடு காத்திருக்கிறது. நான் தோற்று வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இப்படிச் செய்தீர்களா?

மகள்


மே 9

என் கண்ணுக்கு,

இதை எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன். கிடங்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாக்ஸ் உண்மைதான். வேண்டுமென்று முதலிலேயே திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதல் நாள் காலையில் நீ சொன்னபடிதான் மாப்பிள்ளையைச் சாவியோடு பாக்கெட்டில் போட்டேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கிளிங், கிளிங் என்றது. நீ அதை எத்தனை நேரம் சக்கரத்தில் பிடித்திருப்பாய், எந்தக் கையால் பிடித்திருப்பாய் என்று யோசனை ஓடியது. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். "என்ன, மறதியா?" என்றாள் உன் அம்மா. அலமாரியில் கைக்குக் கிடைத்தது உன் சாக்ஸ். அவ்வளவுதான். ஒரு நாள் போட்டால் போதும், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு எடுக்கவில்லை.

நீ கட்சி மாறிவிட்டேன் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் சாக்ஸ் விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வழி சொன்னாள். டிபன் டப்பாவுக்குள் மாப்பிள்ளையைப் போட்டோம். வீட்டுச் சாவி, பூட்டு, நாலு போல்ட் எல்லாம் போட்டு மூடினோம். "ம், ஆட்டுங்க" என்றாள். "யோசனை உன்னுது, நீ ஆட்டு" என்றேன். "எனக்குக் கை வலி" என்றாள். "எனக்கு மட்டும் என்ன?" என்றேன். டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. பிறகு அவளே மூடியைத் திறந்து, கத்தியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து வைத்துவிட்டாள். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் துப்பில்லாத குடும்பம் கண்ணு, நம்முடையது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ திரும்பி வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்காத நாள் கிடையாது. அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் நீ தோற்று வர வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. நீ எல்லோரையும் ஜெயித்து, அவர்கள் உன்னைப் போகாதே போகாதே என்று கெஞ்சி, அப்புறம் உனக்கே அந்த ஊர் பிடிக்காமல் போய் வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்பன் ஆசை அந்த மாதிரிதான், எல்லாம் வேண்டும்.

உன் முதலாளியம்மாவிடம் என்னைச் சொல்லிவிடு. என் பேரில் போடு. கிடங்கில் பெட்டி பிரிக்கிறவன், ஒரு முட்டாள், சாக்ஸில் போட்டுவிட்டான் என்று சொல். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கழுதையைப் பற்றி எழுதினதில் மட்டும் பொய் இல்லை. அதை நிஜமாகவே பயன்படுத்தினேன். அதைக் கையில் எடுத்தால் பயமே வரவில்லை. ஏற்கெனவே கீறின மாதிரிதான் இருந்தது, புதுசாக நான் என்ன கெடுத்துவிடப் போகிறேன் என்று ஒரு தைரியம். எங்கே வைத்தோம் என்றுகூட நினைக்காமல் இருந்தேன். ஒரு தடவை லாரியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் போய் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பாக்கெட்டில் இருந்த நாளில் எல்லாம் பட்டை அறுக்க நெட்டையின் கட்டரைத்தான் கடன் வாங்கினேன்.

அப்பா


மே 16

அன்புள்ள அப்பா,

உங்கள் எக்ஸ்பிரஸ் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. அன்று காலைவரை உங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் டிரம்மை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாலிஷ் அண்ணன், "என்ன தங்கச்சி, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று ஓடிவந்தார். "எங்கப்பா பதில் சொல்லிட்டாருண்ணே, அவருக்கே தெரியாம" என்றேன்.

கூட்டத்தில் மூன்று கத்தியையும் மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் அந்த நீல நூல் ஒட்டின தாளையும் வைத்தேன். நான் முன்பு சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். சாக்ஸ் கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உன்கிட்ட ஆதாரமே இல்லைன்னு சொல்லு" என்றார்.

"இதுதாங்க ஆதாரம்" என்றேன். "ரெண்டும் ஒரே ஆள் பாக்கெட்ல இருந்துச்சு. ஒண்ண வெச்சு லாரி லாரியா பெட்டி பிரிச்சிருக்கார். இன்னொண்ணு பாக்கெட்ல இருக்கும்போதே பக்கத்து ஆள்கிட்ட கட்டர் கடன் வாங்கியிருக்கார். தெனமும் பயன்படுத்தற கத்தின்னு விக்கப்போறோம். கீறல் விழுமா விழாதாங்கறது ரெண்டாவதுங்க. கையில எடுக்கவே பயந்தா அது எப்படிங்க தெனமும் பயன்படுத்தற கத்தி ஆகும்?"

பாலிஷ் அண்ணன் விடவில்லை. "உங்கப்பா ஒருத்தர் அப்படிப் பொத்தி வெச்சா, எல்லாரும் அப்படியா?" என்றார். நியாயமான கேள்வி.

அப்போது முதலாளியம்மா தன் கைப்பையைத் திறந்தார். மேசையில் பிரிக்காத சாம்பிள் பெட்டி ஒன்று இருந்தது, அதைப் பிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டரை எடுத்தார், எந்தக் கடையிலும் கிடைக்கிற கட்டர். டேப்பில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பைக்குள் கையை விட்டு, ஒரு வெல்வெட் பையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே எங்கள் பட்டறையின் முதல் கத்தி, பாலிஷ் அண்ணன் கையால் போட்ட கண்ணாடிப் பாலிஷ். எத்தனையோ வருடமாக அவரிடம் இருக்கிறதாம். ஒரு கீறல் இல்லை.

அண்ணன்தான் முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அம்மா, உங்களுக்குப் போய் ராப்பகலா தேச்சனே" என்றார்.

உருட்டின ஃபினிஷிங்தான் முடிவு. கண்ணாடிப் பாலிஷில் கொஞ்சம் தனியாகச் செய்து, பரிசு கொடுப்பவர்களுக்குப் பெட்டியில் வைத்து விற்பார்கள். அதனால் அண்ணனும் சமாதானம். புது மாடலுக்குப் பேர் வைக்க வேண்டும் என்றார்கள். நான் ஒரு பேர் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டறையில் எல்லோரும் அதைக் கழுதை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது முதலாளியம்மா ஒரு லாக்கர் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். புரொபேஷனில் இருப்பவர்களுக்கு லாக்கர் கிடையாது. அப்படியானால் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கையுறையை அதில் வைக்கப் போனேன், பிரிக்காத கவரோடு. வைக்கும்போதுதான் அந்தக் கவரைப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் யார் பெண் என்று யாருக்கும் சந்தேகம் வராது. அங்கேயே கவரைக் கிழித்துவிட்டேன். டிரம்மிலிருந்து ஈரக் கற்களை அள்ளிக் கொட்டும்போது போட்டுக்கொள்கிறேன், அதற்குச் சக்கரம் கிடையாது. நன்றாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மட்டும் சொன்னால் போதுமா. வந்த புதிதில் தேய்க்கிற பெல்ட்டில் என் இடது கட்டைவிரல் பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, அப்போதே ஆறிவிட்டது. ஒரு கோடு மட்டும் இருக்கிறது. உங்களிடம் சொன்னால் அடுத்த ரயிலில் வந்து நிற்பீர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கோடு விழுந்த பிறகு எனக்கு அந்த மிஷின்மேல் பயம் போய்விட்டது, மரியாதை வந்துவிட்டது.

இந்தப் பார்சலில் மாப்பிள்ளை இருக்கிறார். கேட்டு வாங்கினேன், இனி உங்களுடையவர். நடுவில் பாருங்கள். ஆணி முனையால் நானே ஒன்று இழுத்துவிட்டேன், நல்ல ஆழமாக. முதல் கீறல் விழுந்துவிட்டது அப்பா. இனிமேல் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

உங்கள்
வாண்டு


மே 25

அன்புள்ள வாண்டுக்கு,

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். கீறலைப் பார்த்ததும், நீயே போட்டது என்று கடிதத்தில் படித்த பிறகும்கூட, என் கை தானாகத் துணியைத் தேடியது. துடைத்தால் போகுமா என்று பார்த்தேன். போகவில்லை. கோணலாக வேறு இழுத்திருக்கிறாய். ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கக் கூடாதா?

கட்டைவிரல் விஷயம் உன் அம்மாவுக்குத் தெரியாது. கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டும்போது அந்த இடத்தில் இருமிவிட்டேன். நன்றாகத்தான் இருமினேன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் என் இடது கட்டைவிரல் வலித்தது. இப்போது இல்லை.

மறுநாள் சாவியோடு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கிளிங் என்றது. தெருமுனையில் நின்றேன். திரும்பவில்லை. கிடங்கில் நெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, கீறிட்டீங்களேண்ணே!" என்றான். "என் பொண்ணு போட்டதுடா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு வந்த பெருமை, பாலிஷோடு இருந்தபோதுகூட வந்ததில்லை. அன்றைக்கே கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து, துடைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், பாதி வழி போனதும் எடுத்துத் துடைத்தேன். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை ஹால் சோபா கவரை அதே கத்தியால் அறுத்தேன். மூலையில் வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான், என்ன கூர்மை! உன் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், "யாராவது வந்தா அழுக்காயிடுமே" என்றாள். வசனம் மாறிவிட்டது பார். "யாரு வரா இங்க?" என்றேன். உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை. எழுந்து மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். "இது நம்ம சோபாவாங்க?" என்றாள்.

உன் அறை மெத்தையை மட்டும் நான் தொடவில்லை. அது நீ பிரிக்க வேண்டியது. வரும்போது உன் கழுதையைக் கொண்டு வா.

ஒரு வாரமாவது லீவு கேள். லாக்கர் கொடுத்தவர்கள் லீவும் கொடுப்பார்கள். முதலாளியம்மாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் சொல், நான் எழுதித் தருகிறேன், விடுமுறைக் கடிதத்தில் எனக்கு அனுபவம் உண்டு. என் கடிதத்துக்குப் போன தடவை கிடைத்த மாதிரி நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தால், நீயே எழுதிவிடு. அதுதான் நல்லது, நீயே எழுது.

இப்படிக்கு
அப்பா (ஒன்பதாம் வகுப்பு, பாதி, கத்திப் பரிசோதனையில் ஃபெயில்)